நத்தையையும் சோதியுங்கள்

தாடைக்கடியில் வீங்கிய மாட்டைக் கண்டால் எங்கள் கால்நடை மருத்துவர்களின் கை தானாகப் புழு மருந்துக்குப் போகும். போகட்டும். ஆனால் மருந்து மாட்டுக்குள்தான் வேலை செய்யும், குளத்தில் அல்ல.

அந்த வீக்கத்துக்குக் காரணமாகக்கூடிய ஈரல் தட்டைப்புழுவின் முட்டை சாணத்தோடு தண்ணீரில் விழுகிறது. பொரிந்த இளம்புழு லிம்னேயா நத்தைக்குள் புகுந்து, இணை சேராமலே பெருகி, வாலுள்ள செர்காரியாக்களாக வெளியேறுகிறது. அவை வாலை உதிர்த்து, கரைப் புல்லில் உறை கட்டிக்கொண்டு மாட்டின் வாய்க்குக் காத்திருக்கும்.

குளத்து நத்தைகளைப் பொறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வையுங்கள். வெளிவருபவற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் சிலவற்றின் வால் நுனி கவட்டையாகப் பிரிந்திருக்கும். அவற்றில் மாட்டின் இரத்தத் தட்டைப்புழுவான சிஸ்டோசோமாவும் இருக்கலாம். அதற்குப் புல் தேவையில்லை. தோலைத் துளைத்தே நுழையும். நடவு நடும் பெண்களின் கால்களிலும் நுழைந்து, வளர முடியாமல் செத்து, அரிப்புத் தடிப்பை விட்டுப்போகும். அதைச் சேற்றுப்புண் என்று களிம்பு கொடுத்து அனுப்புவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

நுண்ணோக்கி உள்ள கால்நடை மருந்தகங்கள் சாணத்தோடு நத்தையையும் சோதிக்கலாம். எந்தக் கரையில் மேய்க்கக்கூடாது என்று ஊராருக்குச் சொல்லலாம். நத்தை தின்னும் வாத்துகளை மேயவிடச் சொல்லலாம். இதற்குத் தனி நிதியெல்லாம் வேண்டாம்.