திண்ணைப் பேச்சு: கூண்டுக்குள் ஒரு வாழ்வு

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஓர் அம்மையார் என்னைத் தனியே அழைத்தார். அவர் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து பட்டுத் தொழிலை நம்பிக் கொள்ளேகாலுக்கு வந்தது. மகனுக்கு வயது பதினேழு; பி.யு.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

"தம்பி, நீங்கள் மாதந்தோறும் எதையெதையோ எழுதுகிறீர்களே, இதைப் பற்றியும் எழுதுங்கள். என் மகன் படிப்பை விட்டுவிட்டுச் சண்டைக்காரன் ஆகப் போகிறானாம். மைசூரில் ஒருவர், பணம் கட்டினால் ஆறே மாதத்தில் போட்டியில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் இருப்பவை இந்த இரண்டு வளையல்கள்தாம். இவற்றை அடகு வைக்கலாமா, கூடாதா? இவன் அப்பா இவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்" என்றார்.

"யோசித்துச் சொல்கிறேன், அக்கா" என்று விடைபெற்று வந்தேன். ஒரு மாதமாக யோசித்ததை நேயர்கள் முன் வைக்கிறேன். இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அன்று என்பதே அதற்குக் காரணம்.

அந்தப் பையன் விரும்பும் கலைக்கு 'மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ்' என்று பெயர். தமிழில் கலப்புத் தற்காப்புக் கலை எனலாம். குத்துச்சண்டையின் குத்து, தாய்லாந்துச் சண்டையின் உதை, மல்யுத்தத்தின் பிடி, ஜூடோவின் வீச்சு ஆகிய அனைத்தும் இதில் அனுமதிக்கப்பட்டவை. வேலியிட்ட கூண்டுக்குள் இருவர் மோதுவர். சாதாரணப் போட்டிக்கு ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. பட்டத்துக்கான போட்டிக்கு ஐந்து. பிடியில் அகப்பட்டவர் கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகப் பொருள். நடுவர் இடையில் நிறுத்தாமலும் எவரும் தட்டாமலும் போட்டி முடிந்தால், மூன்று தீர்ப்பாளர்கள் வெற்றியைத் தீர்மானிப்பர்.

இது ஏதோ அயல்நாட்டுக் கொடுமை என்று நம்மவர் முகம் சுளிக்க வேண்டியதில்லை. விஜயதசமியன்று மைசூர் அரண்மனை முற்றத்தில் நடக்கும் வஜ்ரமுஷ்டிக் காளகத்தைப் பற்றி நாம் அனைவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். தலையை மழித்த ஜெட்டிகள், விரல்களில் கூர்முனை கொண்ட கருவியைப் பூட்டி மோதுவர். எதிராளியின் தலையில் முதல் துளி இரத்தம் தென்பட்டதும் போர் நிறுத்தப்படும். நம் மாவட்டத் தலைநகராகிய சாமராஜநகரிலிருந்தும் அதற்கு ஜெட்டிகள் செல்வதுண்டு. அந்த ஜெட்டிக்குக் குலமும் கோயிலும் அரண்மனையும் துணை நின்றன. இன்றைய கூண்டுச் சண்டைக்காரனுக்குத் துணை யார் என்பதே என் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடும்போது என் நினைவுக்கு வந்தவர் அகிலன் தாணி. தமிழ்ப் பெயர் தாங்கிய மலேசியப் பிள்ளை, 1995-இல் பிறந்தவர், கோலாலம்பூர்க்காரர். அந்நகரின் செந்தூல் பகுதியில் இருந்த பெரிய ரயில்வே பணிமனையில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள் என்பது ரயில்வேயில் பணிபுரியும் எனக்குத் தனிப் பெருமை. பிழைக்கச் சென்ற இடத்தில் வேரூன்றிய ஒரு சமூகத்திலிருந்து வந்த பிள்ளை என்பதால், இவருடைய கதை நமக்கு அந்நியமானதன்று.

அகிலன் வீரனாக வேண்டும் என்று கனவு கண்டு கூண்டுக்குள் புகவில்லை. பதின்ம வயதில் அவர் மிகப் பருமனாக இருந்தார். அந்த எடையைக் குறைப்பதற்காகவே 'மோனார்க்கி' என்னும் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். எடை குறைந்தது; கூடவே தமக்குள் ஒரு மல்லன் இருப்பதும் தெரிய வந்தது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஒன் சாம்பியன்ஷிப்' என்னும் நிறுவனத்தின் போட்டிகளில் இறங்கித் தொடர்ந்து வென்றார். அவருக்கு அப்போது இருபது வயதை ஒட்டிய பருவம்.

2017 மே 26 அன்று, இருபத்தொரு வயதில், சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அதுவரை அவர் தோல்வி கண்டதில்லை. எதிரே நின்றவரும் தோல்வி அறியாதவர்: அமெரிக்கர் பென் ஆஸ்க்ரென், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காக மல்யுத்தம் செய்தவர். போட்டி மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆஸ்க்ரென் அவரைத் தரையில் வீழ்த்தி, கழுத்தையும் தோளையும் ஒருசேர இறுக்கும் பிடியில் அகப்படுத்தினார். முதல் சுற்றிலேயே எல்லாம் முடிந்தது.

நேயர்களே, இருபத்தொரு வயதுப் பிள்ளை, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, மூன்று நிமிடத்துக்குள் தோற்றுப்போவதை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் ஒரு தேர்வில் தவறினாலே பத்து நாள் வாசலுக்கு வருவதில்லை. அகிலனோ மீண்டும் பயிற்சிக்குச் சென்றார். அதன்பின் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. 2019 ஜூன் 15 அன்று சீனத்தின் ஷாங்காய் நகரில் அவர் ஜப்பானியரான யோஷிஹிரோ அகியாமாவைச் சந்தித்தார். அகியாமா 2002 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜூடோவில் தங்கம் வென்றவர். ஜப்பானிலும் கொரியாவிலும் பெரும்புகழ் பெற்றவர். மூன்று சுற்றுகளும் நடந்தன. தீர்ப்பாளர் மூவரும் ஒருமனதாக அகிலனே வென்றார் என்றனர். அவருக்கு அன்று வயது இருபத்துமூன்று.

பட்டம் வெல்லாத ஒருவரை எடுத்துக்காட்டாகக் கூறுவானேன் என்று சிலர் கேட்கலாம். பட்டம் வென்றவர்களின் கதையைக் கேட்டுத்தான் பிள்ளைகள் புறப்படுகிறார்கள். ஆனால் புறப்படுகிறவர்களுள் மிகப் பலருக்கு வாய்ப்பது பட்டமில்லாத வாழ்வுதான். அந்த வாழ்விலும் மானமாக நிற்க முடியும் என்பதை அகிலனிடம் காணலாம். பருமனால் வாடிய ஒரு பையனுக்குப் பயிற்சிக் கூடம் புதிய உடலைக் கொடுத்தது. பட்டம் வந்திராவிட்டாலும் அது வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

அவரை வென்ற ஆஸ்க்ரெனின் கதையையும் சொல்லாவிட்டால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். இரண்டே ஆண்டுகளில், 2019 ஜூலை 6 அன்று, அமெரிக்காவின் யு.எஃப்.சி. போட்டியில், ஐந்து விநாடியில் ஒரு முழங்கால் அடியால் நினைவிழந்து வீழ்ந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே, இடுப்பு மூட்டை மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டதாகச் சொல்லி ஓய்வு பெற்றார். அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. நம் அலுவலகங்களில் அந்த வயதில்தான் முதல் பதவி உயர்வே வருகிறது!

பெண்பிள்ளைகளும் இவ்வழியில் வந்துவிட்டனர். உத்தரப் பிரதேசத்தின் புடானா என்னும் ஊரைச் சேர்ந்த பூஜா தோமர், 2024 ஜூனில் யு.எஃப்.சி. கூண்டில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அடுத்து 2025 மார்ச்சில் லண்டனில் நடந்த போட்டியில் தோற்றார். ஏற்றமும் இறக்கமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டிய மூன்று செய்திகள்.

முதலாவது, எடை. இக்கலையில் எடைவாரியாகவே போட்டி. எடையிடும் நாளுக்கு முன் உடலின் நீரை வற்றச் செய்து, எடை காட்டிய பின் மீண்டும் நீர் அருந்தி ஏறிக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்னும் இருபத்தொரு வயதுச் சீன வீரர், மணிலாவில் ஒரு போட்டிக்காக இவ்வாறு எடையைக் குறைக்கும்போது உயிரிழந்தார். அதன் பிறகே ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் நீரை வற்றச் செய்து எடை குறைப்பதைத் தடை செய்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வினேஷ் போகாட் நூறு கிராம் மிகுதியால் இறுதிப் போட்டியை இழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "தண்ணீர் குடிக்காதே" என்று சொல்லும் ஆசிரியர் இருந்தால், அந்த இடத்தை விட்டுப் பிள்ளையை அன்றே அழைத்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, வருமானம். இத்தொழிலில் மாதச் சம்பளம் இல்லை. போட்டிக்கு இவ்வளவு என்றும், வென்றால் மேலும் இவ்வளவு என்றும் ஒப்பந்தம் செய்வதே பெருவழக்கம். காயம் பட்டுப் படுத்தால் போட்டியில்லை, போட்டியில்லையேல் பணமில்லை. பயிற்சியாளருக்கும் உணவுக்கும் மருத்துவருக்கும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும். உலகின் மிகப் பெரிய நிறுவனமாகிய யு.எஃப்.சி.யின் மீதே, தங்கள் ஊதியத்தைக் குறைத்து வைத்திருந்ததாக வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். 2024-இல் அந்நிறுவனம் 37 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாக உடன்பட்டது. உச்சியில் இருப்பவர்க்கே இந்நிலை என்றால், வாசலில் நிற்பவனைச் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது, அடித்தளம். இதை நான் என் மேசையிலிருந்து அறிந்தவன். மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதல் போன்றவற்றில் தேறியவர்களுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக்கும் வடக்கு ரயில்வே ஊழியராக இருந்தவரே. ஆட்டம் முடிந்த பின்னும் அடுப்பு எரிவதற்கு இது வழி. கலப்புத் தற்காப்புக் கலையும் 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் சேர்க்கப்பட்டது; நாளடைவில் இதற்கும் வழி பிறக்கலாம். ஆனால் கூண்டில் பேர்பெற்ற ஆஸ்க்ரெனும் அகியாமாவும் முதலில் மல்யுத்தத்திலோ ஜூடோவிலோ தேறிய பின்னரே அங்கு வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதத்தில் கூண்டில் இறக்குவேன் என்பவர், நீச்சல் கற்பிக்காமலே காவிரியில் தள்ளிவிடுகிறவர்.

சென்ற ஞாயிறன்று அவ்வீட்டுக்குச் சென்று இவற்றையெல்லாம் அந்தப் பையனிடமே சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டான். பின்பு, "அண்ணா, நான் பயந்துவிடுவேன் என்று நினைத்து இதையெல்லாம் சொன்னீர்களா?" என்றான்.

"இல்லை தம்பி. பயப்படாதவனுக்குத்தான் கணக்குத் தெரிய வேண்டும்" என்றேன்.

வெகுநேரம் கழித்து, மார்ச்சுத் தேர்வை எழுதுவதாகவும், அதுவரை அந்த மனிதரிடம் பணம் கட்டுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டான். தேர்வு முடிந்ததும் மைசூரில் ஒரு கரடி மனையில் மண்ணில் இறங்கி மல்யுத்தம் கற்கத் தாயும் இசைந்தார். வளையல்கள் கையிலேயே இருக்கின்றன. தந்தை மட்டும் திண்ணையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் நான் புறப்படும்போது, "அந்த மலேசியாப் பையன் பெயர் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். தலையசைத்துவிட்டு மீண்டும் செய்தித்தாளில் ஆழ்ந்தார்.

மகன் விரும்பும் தொழிலைத் தந்தை வெறுக்கலாம்; ஆனால் அவனோடு பேசுவதை நிறுத்தினால், அவனிடம் பேசுவதற்கு வெளியே பலர் காத்திருக்கிறார்கள். பணம் கட்டச் சொல்லும் மனிதர் அவர்களுள் முதல்வர். வீட்டில் பேச்சு உள்ளவரை, பிள்ளை எந்தக் கூண்டுக்குள் போனாலும் திரும்பி வரும் வழி திறந்தே இருக்கும்.

மைசூரில் வாழும் நம் சங்கக் குடும்பத்தினர் எவருக்கேனும் நல்ல மல்யுத்த ஆசிரியரைத் தெரியுமாயின், சங்க முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுத வேண்டுகிறேன். மார்ச்சு மாதம் வெகு தொலைவில் இல்லை.