விருத்தாசலத்துக்கு வேண்டியது என்ன?

"ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடலாமா?" என்று கேட்பார்கள். அந்தப் பேச்சுக்கு உரிய ஆறு மணிமுத்தாறு. ஊர் விருத்தாசலம். இந்த ஆற்றில் போட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. திருமுதுகுன்றம் என்பது ஊரின் பழைய பெயர். இங்குள்ள பெரிய கோவிலுக்குக் கோபுரம் ஐந்து, தேரும் ஐந்து!

ஊர் இப்போது கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னை–திருச்சி ரெயில் பாதையில் இது ஒரு சந்திப்பு. சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து பாதை பிரிகிறது. சுற்றுப்புறத்தில் வேர்க்கடலை, முந்திரி, கரும்பு விளைகின்றன. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அங்கே உருவான கடலை, முந்திரி ரகங்களுக்கு 'வி.ஆர்.ஐ.' என்று ஊரின் பெயரையே வைத்தார்கள்.

தனி மாவட்டம் வேண்டும் என்பது மக்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமே. ஒரு பட்டா விவகாரத்துக்காகக் கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் சுமார் 60 கிலோ மீட்டர் போக வேண்டும். திட்டக்குடிப் பக்கத்து ஏழைக்கு அது இன்னும் தூரம். கூலி வேலை ஒரு நாள் போய்விடும். 1993-ல் தென்னாற்காடு பிரிந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று.

ஆனால் கலெக்டர் ஆபீஸ் வந்தால் அலைச்சல் குறையும். சூளை எரியுமா?

பீங்கான் பொம்மைதான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. மண்ணைக் குழம்பாகக் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கொட்டிவிட்டால் உள்ளே கூடான பொம்மை தயார். காய வைத்துச் சூளையில் சுடுவார்கள். அகல் விளக்கும், மின்சார பியூஸ் கட்டையும் இப்படி மண்ணிலிருந்து வருபவைதான். இந்தத் தொழிலைக் கற்றுத்தர அரசுக் கல்வி நிலையமும் ஊரிலேயே இருக்கிறது.

மண் இருக்கிறது. படிப்பு இருக்கிறது. ரெயில் இருக்கிறது. பிறகு என்ன குறை? சிறு தொழிலாளிக்குப் புதிய அச்சு வேண்டும். சூளைக்குக் கட்டுப்படியாகும் விலையில் எரிபொருள் வேண்டும். பிளாஸ்டிக் பொம்மையோடு போட்டி போட அவனுக்குக் கைதூக்கி விடுவார் வேண்டும்.

கொலுவுக்குப் பொம்மை வாங்கும் தாய்மார்கள், அது எந்த ஊர்ப் பொம்மை என்று கேட்பதில்லை. ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் 'விருத்தாசலம்' என்று பதியும்படி அச்சிலேயே வெட்டிவிடலாம். அதற்கு ஒரு முறைதான் செலவு.