நெருஞ்சி முள்ளும் டியூப்லெஸ் டயரும்

சித்தூரைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளுக்கு இடையே செல்லும் மண்பாதைகளில், மழைக்காலம் கழிந்ததும் ஒரு சிறு செடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். அதன் பூ மஞ்சள் நிறமானது. ஐந்து இதழ்களை உடையது. தமிழில் அதன் பெயர் நெருஞ்சி, தெலுங்கில் பல்லேரு. காய் முற்றி உலர்ந்ததும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். துண்டு எப்படி விழுந்தாலும் அதன் முள் ஒன்று மேல்நோக்கி நிற்கும். கண்ணுக்கு இனிய அந்தப் பூ பின்னர் முள்ளைத் தருவதை, அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையில் உவமையாக ஆண்டுள்ளார். இன்று அம்முள்ளின்மீது மாணவர்களின் மிதிவண்டிகள் ஏறிச் செல்கின்றன.

'கியர் சைக்கிள்' என்று பேச்சில் வழங்கும் மலைப்பாதை மிதிவண்டியை வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளின் டயருக்குள் டியூப் இல்லை. மிதிவண்டியில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? டியூப்பைக் கழற்றிவிட்டால் பஞ்சர் தொல்லை தீருமே! கேள்வி நியாயமானது. விடை அவ்வளவு எளிதன்று.

மோட்டார் சைக்கிளின் டயர் தடித்தது. அதன் வார்ப்புச் சக்கரத்தில் காற்று கசியத் துளைகள் இல்லை. மிதிவண்டியின் டயரோ மெல்லியது. அதன் ரிம்மில் ஒவ்வோர் ஆரக்கம்பிக்கும் ஒரு துளை உண்டு. ஆகவே டியூப்பை நீக்குமுன் அத்துளைகள் அனைத்தையும் காற்றுப் புகாத பட்டையால் ஒட்டி மூட வேண்டும். அதற்கென உள்ள வால்வைப் பொருத்த வேண்டும். டயருக்குள் இரப்பர்ப் பால் கலந்த அடைப்புத் திரவத்தை ஊற்ற வேண்டும். முள் குத்தியதும் காற்றோடு வெளியேற முயலும் திரவம் துளையிலேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. ஓட்டுபவர் பல நேரங்களில் முள் குத்தியதையே அறிவதில்லை.

இது மிகப் பழைய முறையும் அன்று. 1999ஆம் ஆண்டில் மாவிக், ஹட்சின்சன், மிஷ்லின் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் மலைப்பாதை மிதிவண்டிக்கெனப் பொதுவான டியூப்லெஸ் அமைப்பொன்றைக் கொண்டுவந்தன. முள்ளைத் தடுப்பதோடு வேறொரு நன்மையும் இதில் உண்டு. டியூப் உள்ள டயரில் காற்றுக் குறைந்தால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பின் பல் பட்டதுபோல் இரண்டு துளைகள் விழும். டியூப் இல்லாதபோது அந்த அச்சம் இல்லை. சதுர அங்குலத்திற்கு 35 பவுண்டு அழுத்தம் வைத்து ஓட்டிய ஒருவர் 25 பவுண்டு அளவிலும் ஓட்டலாம். மென்மையான டயர் சரளைக் கற்களையும் வேர்களையும் நன்கு பற்றிக்கொள்ளும்.

இவ்வளவு நன்மை இருந்தும், சித்தூரிலோ திருப்பதியிலோ தார்ச்சாலை வழியாகப் பள்ளிக்குச் சென்று வரும் மாணவருக்கு இம்மாற்றம் தேவையில்லை.

இதற்குக் காரணம் முதலில் வெயில். அடைப்புத் திரவம் நிலைத்து நிற்பதன்று. சில திங்களில் உலர்ந்துவிடும். வெப்பம் மிகுந்த இடத்தில் இன்னும் விரைவாக உலரும். கோடையில் 40 பாகையைக் கடக்கும் திருப்பதியில், பங்குனியில் ஊற்றிய திரவம் ஆனியில் எந்நிலையில் இருக்கும் என்பதைத் திறந்து பார்த்தே அறிய வேண்டும். கோடை விடுமுறை முழுதும் மூலையில் நின்ற வண்டியாயின், திரவம் டயருக்குள் ஏடாக ஒட்டிக் கிடக்கும். அதை அறியாமல் பள்ளி திறக்கும் நாளில் வண்டியை எடுப்பவர், டியூப்பும் இல்லாமல் திரவமும் இல்லாமல் புறப்படுகிறார். மேலும், விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பலவற்றின் ரிம்கள் இம்முறைக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவற்றில் டயரின் விளிம்பு இறுகப் பொருந்தி நிற்கும் என்று நம்ப முடியாது. ஓடும் வண்டியில் விளிம்பு நழுவினால் விபத்தே நேரும்.

அடுத்தது பஞ்சர் கடை. இங்கே வரலாற்றில் ஒரு செய்தி நினைக்கத்தக்கது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அந்நாளைய டயர்கள் ரிம்மோடு பசையால் ஒட்டப்பட்டவை. பஞ்சரானால் பிரித்து ஒட்டிக் காயவிடப் பல மணி நேரம் ஆகும். மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தனர். 1891இல் பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்ப் போட்டியில், அந்த டயரைப் பூட்டிய சார்லஸ் தெரோன் வென்றார். அவருடைய டயரும் வழியில் பஞ்சரானது. நின்ற இடத்திலேயே சரிசெய்ய முடிந்தது. டயரின் பெருமை பஞ்சராகாமல் இருப்பதில் மட்டும் இல்லை. பஞ்சரானபின் எவ்வளவு எளிதில் எழுந்து ஓடுகிறது என்பதிலும் இருக்கிறது.

அந்த வகையில் டியூப்பை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. சாலையோரப் பஞ்சர் கடையில் ஒரு தொட்டித் தண்ணீர் இருக்கும். டியூப்பில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி எழும் இடம் தெரிந்துவிடும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டினால் வேலை முடிந்தது. பத்து வயதுப் பிள்ளையும் இரண்டு முறை பார்த்தால் கற்றுக்கொள்ளும்! டியூப்லெஸ் டயரை ரிம்மில் அமர்த்தவோ சட்டென்று மிகுந்த காற்று வேண்டும். கைப்பம்பால் அது பெரும்பாலும் இயலாது. கடையிலுள்ள கம்ப்ரெசர் உதவும். ஆனால் மெல்லிய பிரெஸ்டா வால்வில் லாரிக்குக் காற்றடிக்கும் குழாய் பொருந்தாது. இடையில் மாட்டும் சிறு பித்தளை இணைப்பை ஓட்டுபவரே கையோடு வைத்திருக்க வேண்டும்.

எனினும், விடுமுறைதோறும் தார்ச்சாலையை விட்டு இறங்கி, சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சியும் இறைந்த பாதைகளில் ஓட்டுபவர்களின் நிலை வேறு. ஒரே பயணத்தில் மூன்று நான்கு முட்கள் குத்தும் இடத்தில் பேட்ச் ஒட்டிக்கொண்டே இருக்க முடியாது. வெயில் ஏறுமுன் வீடு திரும்பவும் முடியாது. இது சித்தூர்க்காரர்களின் சிக்கல் மட்டும் அன்று. இதே நெருஞ்சி அமெரிக்காவிலும் பரவியுள்ளது. காயின் கொம்புகளைப் பார்த்து அங்கே அதை 'ஆட்டுத்தலை' என்கின்றனர். ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரத்தில் மிதிவண்டி ஆர்வலர்கள் அச்செடியைப் பிடுங்குவதை ஒரு விழாவாகவே நடத்துகின்றனர். இத்தகைய பாதைகளில் ஓட்டுபவருக்கு டியூப்லெஸ் டயர் வீண் செலவன்று. தகுந்த ரிம் வேண்டும். கோடையில் திரவத்தைப் பார்த்து நிரப்பும் பொறுமையும் வேண்டும். பொறுமை இல்லாதவர் பணத்தைச் சேமிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், டியூப்லெஸ் டயரில் செல்பவரும் பையில் ஒரு டியூப்பை வைத்திருக்க வேண்டும். கூர்ங்கல் டயரைக் கிழித்துவிட்டால் திரவத்தால் அடைக்க முடியாது. டியூப்பைப் போட்டுத்தான் திரும்ப வேண்டும். அப்போது அவசரம் கூடாது. திரவம் ஓசையின்றி அடைத்து வைத்த முட்கள் எல்லாம் டயரின் உட்புறம் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். மெல்ல விரலால் தடவி, அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே புதிய டியூப்பை உள்ளே வைக்க வேண்டும்.