சந்தை விலையும் பொறியின் பணியும்

விளைவிப்பவன் ஒருவன், விலை கூறுபவன் மற்றொருவன் என்னும் நிலை நம் நாட்டிலே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. இதனை மாற்றுதற்கெனத் திட்டங்களும் சபைகளும் தோன்றாமலில்லை. 1948ஆம் ஆண்டில் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் வந்தது. 1971ஆம் ஆண்டின் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தும் சபை உருவாயிற்று. அவற்றின் குறைநிறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அன்றன்றைய விலையை அன்றன்றே உழவன் அறியுமாறு செய்யும் சிறு பணி ஒன்றையே, அதுவும் நம் கல்லூரி மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றையே, இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கல்லூரியை விட்டு நீங்கியபின், யான் சில ஆண்டுகள் கொழும்பிலே பங்குத் தரகுக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். கொழும்புப் பங்குச் சந்தையில் கணினித்திரை வழி வணிகம் 1997ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும், வணிக மென்பொருள் காட்டும் விலைகளை மாலைதோறும் கண்ணாற் பார்த்து, வேறோர் அட்டவணையிற் கையால் தட்டச்சுச் செய்வதே எனக்கு இட்ட வேலை. தொடக்க விலை, உயர்ந்த விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் தொகை என ஒவ்வொரு கம்பெனிக்கும் ஐந்து எண்கள். ஒருநாள் 45 ரூபாவை 54 ரூபாவெனப் பதிந்துவிட்டேன். மூன்று வாரம்வரை அதனை எவரும் கண்டிலர். அதன்மேற் கணித்த சராசரிகள் யாவும் பிழையாயின.

பின்னர் வந்த இளைஞர் ஒருவர், சந்தை மூடியதும் மென்பொருளிலிருந்து விலைகள் தாமாகவே வெளிவந்து, காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட எளிய எழுத்துக் கோப்பாகச் சேருமாறு சிறு நிரல் ஒன்றை எழுதினார். இரண்டு மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிந்தது. அவர் மூன்று விதிகளையும் அதனுள் அமைத்திருந்தார். ஒரே நாளின் விலையை இருமுறை சேர்த்தல் ஆகாது. விடுமுறை நாளில் முதல் நாள் விலையைப் புதிய விலையெனப் பதிதல் ஆகாது. நேற்றைய விலையினின்று பெரிதும் வேறுபட்ட எண் வந்தால், மனிதர் ஒருவர் பார்த்து ஒப்பும்வரை பொறி நிற்றல் வேண்டும். நிரலைக்காட்டிலும் இவ்விதிகளே சிறந்தவை என்பது என் துணிபு.

அக்காலத்திலே, பெரும்போக அறுவடை வேளையில், வகுப்புத் தோழர் ஒருவரைக் காண இறக்காமத்திற்குச் சென்றிருந்தேன். குளத்து நீரால் விளைந்த வட்டைகளில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தெருவோரமெங்கும் நெல் காய்ந்தது. வரம்பருகே லொறி வந்து நின்றது. தோழரின் வாப்பா என்னை நோக்கி, "மகன், நெல்லு நம்மட, விலை மட்டும் லொறியோட வருகுது" என்றார். முன்பின் கண்டறியாத கம்பெனிகளின் விலையைச் சதக் கணக்கில் அறிந்திருந்தவன் யான். அவரோ தம் நெல்லுக்கு அன்று காலை சம்மாந்துறை ஆலைகளில் என்ன விலை என்பதை அறியார். அவ்வேற்றுமை என்னை நாணச் செய்தது.

விலைகளைத் திரட்டுவோர் நம் நாட்டில் இல்லையோவெனின், உளர். 1972ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, இன்று ஹெக்டர் கொப்பேகடுவவின் பெயர் தாங்கிய கமநல ஆராய்ச்சி நிறுவனம் அப்பணியைச் செய்கின்றது. மத்திய வங்கி வெளியிடும் அன்றாட விலை அறிக்கையிலே புறக்கோட்டை, தம்புள்ளை, மரந்தகஹமுல முதலிய சந்தைகளின் விலைகள் இடம்பெறுகின்றன. ஆனால் அவ்வறிக்கை பீ.டீ.எப். கோப்பாக வருகின்றது. அது படிப்பவர் கண்ணுக்கு ஏற்றதேயன்றிக் கணக்கிடும் பொறிக்கு ஏற்றதன்று. சென்ற ஆண்டு இதே கிழமையில் விலை யாது என ஒப்பிட விரும்புவோன், யான் அன்று செய்ததுபோல எண்களை மீண்டும் தட்டச்சுச் செய்தல் வேண்டும். இந்தியாவிலோ, 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய அக்மார்க்நெட் தளத்திலிருந்து சந்தைவாரியாக விலைகளை அட்டவணையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

'விலை தெரிந்தும் பயன் என்ன? விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டவன் காத்திருக்க முடியுமா?' என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. கடனைப் பொறி தீர்க்காது. எனினும், ஈர நெல்லின் விலையும் 14 வீத ஈரப்பதத்திற்கு உலர்த்திய நெல்லின் விலையும் ஒருங்கே தெரிந்தால், மேலும் சில நாள் உலர்த்துவது கூலிக்குக் கட்டுமா என்பதையேனும் உழவன் கணக்கிடலாம். கேரளக் கரையோரத்திலே 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசி பரவிய காலத்தை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் என்பார், சந்தைக்குச் சந்தை இருந்த மீன் விலை வேற்றுமை சுருங்கியதையும், மீனவர் ஆதாயம் உயர, வாங்குவோர் கொடுக்கும் விலை சற்றே குறைந்ததையும் 2007ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். விற்பவன் அறிவு பெறுவதால் வாங்குபவன் கெடுவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, செய்யத்தக்கது யாது? நம் கல்லூரிக் கணினிக் கழக மாணவர், அவ்வறிக்கைகளிலிருந்து விலைகளை நாள்தோறும் தாமாகப் பிரித்தெடுக்கும் நிரல் ஒன்றை ஆக்கலாம். மேற்கூறிய மூன்று விதிகளும் அதில் இருத்தல் வேண்டும். இனம், ஈரப்பதம், இடம், நாள், நிறை ஆகியவை குறிக்கப்படாத எண் விலையாகாது என்பதையும் மறத்தலாகாது. இறக்காமம் போன்ற ஊர்களின் மாணவர், அன்று வட்டையிலே லொறிக்காரர் கூறிய விலையை எழுதியனுப்பினால், எந்த அறிக்கையிலும் இல்லாத ஒரு நிரை அவ்வட்டவணையில் சேரும். அதனைத் தமிழில் எழுதிக் கமநல சேவை நிலையத்திலும், பள்ளிவாசல், கோயில் முன்றில்களிலும் ஒட்டுதல் அரிதன்று.

பங்குச் சந்தை விலைகளுக்கு உரிமையாளர் உளர். அவற்றை இசைவின்றிப் பரப்புதல் தகாது. பொதுப்பணத்தாற் திரட்டிய நெல் விலையோ பொதுமக்களுக்கு உரியது. அதனைப் பொறிக்கேற்ற வடிவிலே தருமாறு வேண்டுதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குத் துணையாகும்.

யூபிலி ஆண்டில் மண்டபம் எழுப்புதலும் பரிசில் நிறுவுதலும் நன்றே. அவற்றோடு, அடுத்த அறுவடையில் லொறி வரும்முன் விலை வந்து சேருமாறு செய்வோமாயின், கல்லூரி நமக்களித்த கல்வி உழவர் வீட்டு வாசலுக்கும் சென்றதாகும். பழைய மாணவர் சங்கம் இதனை மனங்கொள்ளுமாக.