குப்பை மேடு தெரிகிறது... அடியில் விரிக்க வேண்டிய ஷீட்?

சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். 'இதை எப்பத்தான் எடுப்பாங்களோ' என்று புலம்புகிறோம். ஆனால், கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குப்பைக்கு அடியில் என்ன விரித்தார்கள்? எதுவுமே இல்லை. வெறும் தரையில்தான் பல பத்தாண்டுகள் கொட்டினார்கள்.

சரி, அதனால் என்ன?

மழைத் தண்ணீர் குப்பையில் ஊறி, கறுப்பாக வடியும். இதைத்தான் 'லீச்சேட்' என்கிறார்கள். தடுப்பு இல்லாவிட்டால் அது நிலத்தடி நீரில் கலக்கும். பெருங்குடிக் கிடங்கு இருப்பதோ, 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்!

இதைத் தடுக்கத்தான் 'ஜியோமெம்பரேன்' ஷீட். 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்ன அளவு: 1.5 மி.மீ. கனத்தில் ஹெச்.டி.பி.இ. ஷீட், அதற்குக் கீழே 90 செ.மீ. களிமண் அடுக்கு. இரண்டு ஏ.டி.எம். கார்டுகளைச் சேர்த்துவைத்தால் வரும் கனம்தான் அந்த ஷீட்!

ஷீட் வாங்கினால் மட்டும் போதாது. கல் குத்திக் கிழியாமல் இருக்க, கம்பளி போன்ற 'ஜியோடெக்ஸ்டைல்' துணியையும் விரிக்க வேண்டும். ஷீட்டுகளைச் சூடாக்கி, இரட்டைத் தையல்போல இரண்டு கோடுகளாக ஒட்டுவார்கள். நடுவில் உள்ள இடைவெளியில் காற்றடித்து, பிரஷர் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கிட்டத்தட்ட டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற கதைதான்.

'பிளாஸ்டிக் வேணாம்னு சொல்லிட்டு, மண்ணுக்கடியில பிளாஸ்டிக்கா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த ஷீட்டுக்கும் ஆயுள் உண்டு. அதனால், குப்பையைக் குறைப்பதும் தரம் பிரிப்பதும்தான் முதல் வேலை. ஆனால், மிஞ்சுவதை வெறும் மண்ணில் கொட்டுவதற்கு அது சாக்கு ஆகாது.

பழைய குப்பையை 'பயோமைனிங்' முறையில் தோண்டிச் சலித்துப் பிரித்துவிடலாம். நிலத்தடிக்குப் போன லீச்சேட்டை அப்படிச் சலிக்க முடியுமா? கொட்ட ஆரம்பித்த பிறகு அடியில் ஷீட் விரிக்கவும் வழியில்லை. வாய்ப்பு ஒரே ஒரு முறைதான்.

உங்கள் ஊரில் புதுக் கிடங்கு வருகிறதா? முதல் லாரி உள்ளே போவதற்குள் கேளுங்கள்: 'ஷீட் ஒட்டின டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?'