வகுப்பில் பத்துப் பேர் இருந்தால்



பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நமக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் சேர்க்கலாமா? மூணாறிலும் வண்டிப்பெரியாரிலும் கேட்கிறார்கள், கொழிஞ்சாம்பாறையிலும் கேட்கிறார்கள். சேர்ப்பது உங்கள் விருப்பம். அப்படி விரும்புவதற்கு அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்த கதை மட்டும் நம் மலையோடும் எல்லையோடும் ஒட்டியது.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், சிறுபான்மையினர் தம் மொழியைக் காத்துக்கொள்ளலாம், பள்ளிகளும் நடத்திக்கொள்ளலாம் என்று 29, 30-ஆம் பிரிவுகளில் சொன்னது. நல்ல வார்த்தைகள்தான். ஆனால் கொழுந்து பறிக்கும் அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் எந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் கட்டி நடத்தும்? அரசு என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே இல்லை.

இந்தக் குறை மொழிவாரி மாநிலப் பிரிப்பின்போது பெரிதாகத் தெரிந்தது. 1954-ல், தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டுவந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் நேசமணி, தடையை மீறித் தேவிகுளம் பகுதிக்கு வந்து கைதானார். அதே ஆண்டு ஆகஸ்டில் திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. இங்கே தமிழர் அதிகம் இருப்பது தோட்ட வேலைக்கு வந்தவர்களால்தான் என்பது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. லயத்திலேயே பிறந்து லயத்திலேயே கண்மூடியவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

ஆனாலும் அந்த ஆணையத்துக்கு ஒரு நன்றி சொல்லியே ஆக வேண்டும். எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பிள்ளைகளின் தாய்மொழித் தொடக்கக் கல்வியை அரசியல் சட்டமே ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏழாவது திருத்தத்தில் 350ஏ என்ற பிரிவு சேர்ந்தது அப்படித்தான். 1956 நவம்பர் 1, கேரளம் பிறந்த அதே நாளில் அதுவும் நடைமுறைக்கு வந்தது. மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு தனி அதிகாரியைக் குடியரசுத் தலைவர் நியமிக்கச் சொல்லும் 350பி-யும் கூடவே வந்தது.

350ஏ-க்கு முன்பே நடைமுறைக்கான ஓர் அளவு இருந்தது. வகுப்பில் 10 பிள்ளைகளோ பள்ளியில் 40 பிள்ளைகளோ இருந்தால் அவர்கள் மொழியில் சொல்லித்தர ஆசிரியர் வேண்டும் என்று 1949-லேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்திருந்தது. எஸ்டேட் பள்ளிகளில் வருகைப் பட்டியல் சுருங்கும்போது நாம் கவலைப்படுவது இதனால்தான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 350ஏ கொஞ்சம் மெலிந்த பிரிவு. வசதி செய்துதர அரசு முயல வேண்டும் என்றுதான் இருக்கிறது, தந்தே தீர வேண்டும் என்று இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு பக்கத்தையும் தெளிவாக்கியது: தாய்மொழியில்தான் படிக்க வேண்டும் என்று எந்த அரசும் பெற்றோரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே முடிவு உங்கள் கையில். கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையதே.

அப்படிக் கேட்பதற்கு உதவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 பலருக்குத் தெரிவதில்லை. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் மனு எழுதலாம். தலைமைச் செயலகத்துக்கும் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். வில்லேஜ் ஆபீசுக்கோ கல்வி அலுவலகத்துக்கோ அப்படி எழுதியவர்கள், வந்த பதிலின் நகலை நமக்கு அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் எழுதிய தேதியைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். இரண்டையும் அடுத்த இதழில் அருகருகே போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்