பாடநூலில் எந்த அமெரிக்கா?

பாலாற்றங்கரை வாணியம்பாடியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டுமொழி உருது, வீதிமொழி தமிழ், பள்ளியில் மல்லுக்கு நிற்பது ஆங்கிலத்தோடு. தந்தை தோல் ஷாப்பிலே நனைந்த தோலைப் புரட்டுகிறார். தாயோ, தமக்கையோ ஷூ கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க விடியுமுன் எழுந்து ஓடுகிறார். அந்த வீட்டுப் பிள்ளை விளக்கடியில் அமர்ந்து, கடல் கடந்த அமெரிக்கக் கவிஞன் ஒருவனின் வரிகளை உருப்போட்டுக்கொண்டிருக்கிறது. இந்தக் காட்சியில் கேலிக்கு இடமில்லை தோழர்களே, கேள்விக்கு இடமுண்டு. அந்தப் பிள்ளைக்கு நாம் காட்டுவது எந்த அமெரிக்காவை?

2018, 2019 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வெளிவந்த ஆங்கிலப் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் ராபர்ட் ஃபிராஸ்ட், மார்க் ட்வெயின், ஐசக் அசிமோவ். பத்தாம் வகுப்பில் ஜேம்ஸ் தர்பர். பதினோராம் வகுப்பில் ஆக்டன் நாஷ், ஓ ஹென்றி. பன்னிரண்டில் கார்ல் சாண்ட்பர்க், ரே பிராட்பரி. ஷேக்ஸ்பியரும் வேர்ட்ஸ்வொர்த்தும் மட்டுமே ஆங்கிலம் என்றிருந்த காலம் போய், இத்தனை அமெரிக்க எழுத்தாளர்கள் நம் ஊர் வகுப்பறைக்குள் நுழைந்ததை நாம் வரவேற்கவே செய்கிறோம்.

அமெரிக்க இலக்கியம் நமக்கேன் என்று கேட்பார் உளர். அவர்கள் ஐயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. 1950களிலும் 60களிலும் அமெரிக்க அரசு தன் தகவல் நிலையத்தின் ஆதரவோடு மலிவு விலை நூல்களைத் தமிழிலே உலவவிட்டதே, இலக்கியப் பாசம் ஒன்றினாலா? பனிப்போரின் கணக்கு அதில் இருந்தது. ஆயினும் ஒரு நாட்டின் ஆட்சியாளர் வேறு, அந்நாட்டு எழுத்தாளர் வேறு. வெள்ளை மாளிகையை வெறுத்தவன் வால்ட் விட்மனையும் வெறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் குறை வேறு. வந்தவர் யார் என்று சொல்லாமலே வகுப்பில் அவரை அமர்த்தியிருக்கிறோம் என்பதே நம் குறை.

சாண்ட்பர்கை எடுத்துக்கொள்வோம். மகனுக்குத் தந்தை கூறும் அறிவுரையாக அவர் எழுதிய கவிதையைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் படிக்கின்றனர். அவர் தந்தை சுவீடனிலிருந்து பிழைக்க வந்தவர். இரயில்வே பட்டறையில் கொல்லருக்கு உதவியாள். மகனோ பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, பால் வண்டி ஓட்டி, செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்து வளர்ந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தில் சமூக ஜனநாயகக் கட்சியின் அமைப்பாளராக ஊர் ஊராகச் சுற்றினார். மில்வாக்கி நகர மேயராக 1910இல் சோசலிஸ்டான எமில் சைடல் வந்தபோது அவருக்குச் செயலாளராக இருந்தார். சிகாகோவில் 1919இல் நடந்த இனக் கலவரத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பாடத்தில் உள்ள கவிதை, பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் அமெரிக்க உழைப்பாளி வீதிக்கு வந்த காலத்தில், 1936இல் வெளியான அவருடைய நெடுங்கவிதை நூலின் ஒரு பகுதி. அளவுக்கு மீறிய பணம் மனிதனை என்ன செய்யும் என்று அந்தத் தந்தை ஏன் எச்சரிக்கிறார் என்பது இதையெல்லாம் அறிந்த பிள்ளைக்கு விளங்குமா, அறியாத பிள்ளைக்கு விளங்குமா?

ஓ ஹென்றியின் கதையும் அப்படியே. இருபது ஆண்டுக்குப் பின் சந்திக்கும் நண்பர் இருவரில் ஒருவன் போலீஸ்காரன், மற்றவன் குற்றவாளி. எழுதியவரே வங்கிப் பணக் கையாடல் வழக்கில் 1898 முதல் 1901 வரை ஓஹியோ சிறையில் இருந்தவர். அந்தக் கதை சேர்ந்த 1906ஆம் ஆண்டுத் தொகுதிக்கு ‘நாற்பது இலட்சம்’ என்று பெயர் வைத்தார். நியூயார்க்கில் பொருட்படுத்தத் தக்கவர் நானூறு பேரே என்று மேட்டுக்குடியினர் பேசிய காலம் அது. அவருக்கோ அந்நகரத்து நாற்பது இலட்சம் மக்களும் பொருட்டாகத் தெரிந்தனர். கடைச் சிப்பந்தி, தையற்காரி, வாடகை அறைவாசி எல்லோரும் அவர் கணக்கில் வந்தனர். இந்தத் தலைப்பின் வரலாற்றை வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

ஆனால் தேர்வு அதைக் கேட்பதில்லை! அருஞ்சொல்லுக்கு நிகர்ச்சொல் கேட்கிறது; எதிர்ச்சொல் கேட்கிறது; இந்த வரியில் என்ன அணி என்று கேட்கிறது. பிள்ளை நோட்ஸ் வாங்கி, முன்பே எழுதிவைத்த விடையை மனப்பாடம் செய்து, தாளில் இறக்கி வைத்துவிட்டு வருகிறது. ஆசிரியரைக் குறை கூற நாம் வரவில்லை. நெருக்கடியான வகுப்பும் தேர்ச்சி விழுக்காட்டு அச்சமும் அவர் கழுத்தைப் பிடித்திருக்கின்றன.

இனி, உள்ளே வராமல் வாசலிலே நிறுத்தப்பட்டவர்களைப் பார்ப்போம்.

அப்டன் சின்க்ளேர் 1904இல் சிகாகோ இறைச்சித் தொழிற்கூடங்களில் ஏழு வாரம் சுற்றிப் பார்த்து ஒரு நாவல் எழுதினார். 1905இல் அது தொடராக வெளிவந்தது ஒரு சோசலிச வார ஏட்டில். கட்சி ஏடு படிப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம். லிதுவேனியாவிலிருந்து பிழைக்கப் போன குடும்பம் ஒன்று இரத்தத்திலும் சேற்றிலும் அழிவதே கதை. நாடு கொதித்தது. 1906 ஜூன் 30 அன்று இறைச்சிச் சோதனைச் சட்டமும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமும் வந்தன. உண்பவன் வயிற்றுக்குக் காவல் கிடைத்தது. வெட்டியவன் விரலுக்கு அந்தச் சட்டங்களில் காவல் இல்லை.

வாணியம்பாடிக்கு இது அயலூர்க் கதையா? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதப்படுத்திய நாட்டில் குரோமியம் வந்து குடியேறியது. குரோமிய முறைக்கு 1884இல் காப்புரிமை பெற்றவர் நியூயார்க்கைச் சேர்ந்த அகஸ்டஸ் ஷூல்ட்ஸ். பாலாறு கெட்டதையும் கிணறு உப்பானதையும் கண்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் அது ஒன்று. அதன் பின்னும், 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மாண்டனர். சின்க்ளேரின் நாவலில் நான்கு பக்கம் படித்தால் போதும், நம் பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது.

ஃபிரெடரிக் டக்ளஸ் எங்கே? அடிமையாய்ப் பிறந்த சிறுவன். எசமானி எழுத்துக் கற்றுத்தரத் தொடங்கினாள். எழுத்தறிந்த அடிமை அடங்கமாட்டான் என்று எசமான் தடுத்தான். சிறுவன் பால்டிமோர் வீதியில் ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்து எழுத்தை வாங்கினான்; 1838இல் தப்பினான்; 1845இல் தன் வரலாற்றை எழுதினான். ‘படிக்காதே’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட மக்கள் வாழும் நாட்டில் இதைவிடப் பொருத்தமான ஆங்கிலப் பாடம் எது? இந்த உறவை நம் முன்னோர் என்றோ கண்டுகொண்டனர். மகாத்மா ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைத்தளை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு 1873இலேயே காணிக்கையாக்கினார். மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரின் பிள்ளைகள் பயிலும் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்டதையும், பிறகு அதுவே உண்மை என்று தாம் உணர்ந்ததையும் 1965இல் கிங்கே சொன்னார்.

அமெரிக்கர் தம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. 1993இல் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசனின் முதல் நாவல், அண்மை ஆண்டுகளில் அங்கே சில பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. ஸ்டைன்பெக்கின் நாவலை 1939இல் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டம் தடை செய்தது. பண்ணை முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, காலணியும் தோல் பொருளும் அதில் அகப்பட்டன. அந்த வரி பின்னர் என்ன ஆயிற்று என்பது வேறு கணக்கு. ஆம்பூர், வாணியம்பாடிப் பெண்கள் தைக்கும் ஷூவின் விலை வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்தால் ஆடுகிறது என்பது அன்று வீட்டுக்கு வீடு தெரிந்தது. தம் வீட்டு அடுப்பைத் தொடும் நாட்டை, பேய் வந்த இரவாகவும் பூனைக்கு மருந்தூட்டிய வேடிக்கையாகவும் மட்டுமே நம் பிள்ளைகள் அறிந்தால் போதுமா? தர்பரும் ட்வெயினும் சிரிக்க வைக்கட்டும்; நன்றாகச் சிரிக்கட்டும். அதே ட்வெயின், தப்பியோடும் அடிமை ஒருவனைத் தெப்பத்தில் ஏற்றி நாவல் எழுதியவர் என்பதும் அவர்களுக்குத் தெரியட்டும்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகிவிட்டது. இனி எழுதப்படும் ஆங்கிலப் பாடநூலில் டக்ளசின் ஓர் அத்தியாயமும், லாங்ஸ்டன் ஹியூஸின் ஒரு கவிதையும், சின்க்ளேரின் சில பக்கங்களும் இடம்பெற வேண்டும் எனக் கோருகிறோம். எழுதியவர் யார், எந்தச் சூழலில் எழுதினார் என்பதற்குத் தேர்வில் மதிப்பெண் வேண்டும். தன் ஊரோடு ஒப்பிட்டுச் சொந்த வாக்கியத்தில் எழுதும் மாணவருக்கு, இலக்கணம் சற்றுப் பிசகினும், மதிப்பெண் குறைக்கலாகாது.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத் தோழர்கள், தத்தம் படிப்பகத்தில் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரை அழையுங்கள். உருதும் தமிழும் அறிந்த கல்லூரி மாணவர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களும் வரும்படி நேரத்தை அமைத்திடுங்கள். முதல் வாரம் சாண்ட்பர்கிலிருந்து தொடங்கலாம். அந்தப் புத்தகம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை உள்ள வீட்டில், பரணிலாவது கிடக்கும்.